வாசலில் கிடந்த இருபத்திரண்டு மில்லிமீட்டர்

மெக்கானிக் சங்க ஆண்டு மலருக்கு ஐந்து பக்கம் எழுதித் தரச் சொல்லி செந்தில் கேட்டான். ஒப்புக்கொண்டேன். அவன் மேலுள்ள பிரியத்தால் அல்ல. போன மாதம் அவன் கடையில் ஏழு பேர் பார்க்க நான் கத்தினேன். ஏன் கத்தினீர்கள் என்று ஏழு பேரும் தனித்தனியாகப் போன் செய்து கேட்டுவிட்டார்கள். ஏழு தரம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரே தரம் எழுதிவிடுகிறேன், அச்சில் இருக்கட்டும்.

செந்தில் என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவன். நல்ல வேலைக்காரன், அதை மறுக்கமாட்டேன். இப்போது தஞ்சாவூர் புறவழிச் சாலையில் சொந்தக் கடை. தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடம்புமாக வரும் க்ரூஸர் வண்டிகளை ஆளுக்கேற்றபடி மாற்றிக் கொடுக்கிறான். அவற்றில் இப்போது எல்லாரும் கேட்பது ஃபார்வர்ட் கண்ட்ரோல். அதாவது கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் மூன்றையும் அவை இருக்கும் இடத்திலிருந்து கழற்றி, எஞ்சினுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பொருத்துவது. ஓட்டுகிறவன் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோலக் காலை நீட்டிக்கொண்டு போகலாம். தப்பில்லை. நீட்டிக்கொள்ளட்டும். ஆனால் எவ்வளவு நீட்டுவது?

அன்றைக்கு வந்தவர் குத்தாலம் பக்கத்துப் பையன். வெளிநாட்டில் வேலை, ஒரு மாத விடுப்பு. வாசலில் கனமான பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு உள்ளே வந்து வண்டியில் ஏறினார். செந்தில் ஃபார்வர்ட் கண்ட்ரோல் வந்த பெட்டியைப் பிரித்தான். முன்னாலிருந்த சட்டத்தில் பெடலை வைத்துப் பிடித்துக்கொண்டு, "கால் எட்டுதா சார்?" என்றான். "எட்டுது ப்ரோ" என்றார் அவர். முடிந்தது. நான் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு போல்ட், இரண்டு ராடு, நாற்பத்து மூன்று நிமிடம். எடுத்த அளவு எத்தனை என்றால், ஒன்றுமில்லை.

"அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஏறுங்க தம்பி, பாக்கலாம்" என்றேன்.

"சார், டைல்ஸ் புதுசு" என்று செந்தில் சிரித்தான். சுவரில் பலகை மாட்டியிருக்கிறான்: காலணிகளை வெளியே விடவும்.

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை மலரில் போட முடியாது. ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, மாயவரத்தில் ஜெகநாதன் என்பவருடைய பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் நட்டு கழுவினேன், மூன்றாம் வருடம் பிரேக், ஐந்தாம் வருடம் எஞ்சின். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. எல்லாரும் கழுவுகிற நட்டுதான். எட்டாம் வருடம் நான்தான் அங்கே தலைமை மெக்கானிக்.

முதலாளி பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்துவிட்டு வந்தவர். சத்தம் போடமாட்டார். இரண்டு வாஷர்களை உள்ளங்கையில் வைத்து உரசிக்கொண்டே நமக்குப் பின்னால் நடப்பார். கிறிச், கிறிச் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றுவிட்டால் நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பொருள். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே தேட வேண்டும். கண்டுபிடித்ததும் மறுபடி கிறிச், கிறிச். இதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பட்டறை இரண்டு பகுதி. முன்னால் சாலையைப் பார்த்த சிமெண்ட் தளம். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. முன்தளத்தில் மிராசுதார்களின் புல்லட்டுகள் நிற்கும். ஒரே நாளில் ஒன்பது நின்று பார்த்திருக்கிறேன். மற்ற வண்டிகள் பின்னால். இப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கழக ஆட்சி வந்து சில வருடம் ஆகியிருந்தது. சுவரெல்லாம் சமத்துவம். குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுக்கா அலுவலகத்தில் பதிவு செய்யலாம் என்று சட்டமும் வந்திருந்தது. பெயர் பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டுச் சுலபத்தில் கிளப்ப முடியாது. அதனாலேயே பதியவிடாமல் அடிதடி நடந்துகொண்டிருந்தது. அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு வேறு. சேரி ஆட்கள் மிராசுதார் தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் போயிருந்தது. சில ஊர்களில் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் உத்திராபதி வந்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் சேரிக்காரர். ஒரு மிராசுதாரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், விவசாயச் சங்கத்தில் சேர்ந்ததால் வேலை போனது. அதற்கடுத்த அறுவடையில் களத்துமேட்டில் வைத்து இடது முட்டியை இரும்புத் தடியால் உடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் காலை நீட்டி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. பிறகும் மடங்கவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரே கம்பு.

அவர் ஊர் மிராசுதாரின் நிலத்தில் பதினொரு குடும்பம் குத்தகைக்கு உழுதது. பதினொன்றின் ரசீதுகளும் அவரிடம்தான் இருந்தன. வீட்டில் வைத்திருந்தால் மிராசுதாரின் காரியஸ்தர் வந்து மிரட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து இவரிடம் கொடுத்திருந்தார்கள். விசாரணைக்குத் தாலுக்கா அலுவலகத்தில் தேதி கொடுத்திருந்தார்கள். இந்தக் கிராமங்களுக்கு வாய்க்கால் கரையில்தான் வழி, பஸ் கிடையாது. சைக்கிள் மிதிக்க முட்டி மடங்க வேண்டும். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக ஊரில் எவனுக்கும் துணிவில்லை. சங்கத்துக்காரர்கள் ஒரு பழைய புல்லட்டை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஏறினால் இடது கால் வைக்க இடமில்லை. அந்தக் கால புல்லட்டில் இடது பக்கம்தான் பிரேக்.

இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கம்பு ஊன்றிப் பின்னால் வந்தார்.

"பிரேக்க முன்னால கொண்டாந்து குடுக்க முடியுங்களா?" என்றார். "கால் மடங்காது. கணுக்கால் நல்லா வேல செய்யும். டிராக்டர்ல இருவது வருசம் மிதிச்ச கால்."

முதலாளியின் வாஷர் நின்றது. வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முன்தளத்தில் நின்ற நான்கு புல்லட்டுகளைப் பார்த்தார்.

"செய்யலாம்ப்பா" என்றார். பிறகு என்னிடம், "முன்னால வேணாம். பின்னால போட்டுக்க."

அதுவரை நான் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. யாரும் செய்து பார்த்ததும் இல்லை. அதனால் ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். செந்திலும் அவன் வயதுக்காரர்களும் இதைக் கவனமாகப் படிக்கட்டும்.

முதலில், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் வைத்து அளவெடுக்கவில்லை. இரண்டு சக்கரமும் தரையில் நிற்க, இருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய வண்டியைத்தான் அளக்க வேண்டும். இரண்டாவது, ஏறிய உடனே அளக்கக் கூடாது. புதிதாக ஏறுகிறவன் நிமிர்ந்து உட்காருவான். கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தேன். குறுவையில் தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்டேன். அவர் பேசப் பேச முதுகு தளர்ந்தது. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம்.

பேச்சுக் கொடுத்தேன் என்கிறேனே, அதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரை நான் 'நீ' என்று கூப்பிடவில்லை. 'நீங்க' என்றும் கூப்பிடவில்லை. "ஏறி உக்காரலாம்", "காலை நீட்டணும்", "எந்த ஊரு?" இப்படியே மூன்று நாள் ஓட்டினேன். நான் படித்தவன். சமத்துவச் சுவரைத் தினமும் வாசித்துக்கொண்டே பட்டறைக்கு வருகிறவன்.

எவ்வளவு முன்னால் வைப்பது என்பதுதான் இந்த வேலையில் தலையாய முடிவு. முட்டி மடங்குகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. பெடலை முழுக்க அமுக்கிய நிலையிலும் முட்டிக்கடியில் கொஞ்சம் வளைவு மிச்சமிருக்க வேண்டும். கால் முழுக்க நீண்ட பிறகு பெடல் இன்னும் போக வேண்டியிருந்தால், பிரேக் பிடிக்க ஆள் இருக்கையில் சறுக்கித்தான் ஆக வேண்டும். சறுக்குகிறவன் கை ஹேண்டிலைத் திருப்பும். உத்திராபதிக்கு அந்த வளைவே கிடையாது. இருக்கையோ பழைய ஒற்றை ஸ்பிரிங் சீட், பின்னால் நகர இடமில்லை. ஆக, அவருடைய குதிகால் எங்கே போய் நிற்குமோ, மிகச் சரியாக அங்கே ஃபுட்ரெஸ்ட். ஒரு விரல் முன்னால் போனால் கால் தொங்கும். பின்னால் வந்தால் கால் முட்டும். பெடலைக் கணுக்கால் அசைவு மட்டுமே அமுக்க வேண்டும். அவர் பாதத்தின் முன்பகுதி இரண்டு அங்குலம் போய் வந்தது. அந்த இரண்டு அங்குலத்துக்குள் பிரேக் முழுக்கப் பிடிக்கும்படி பெடல் கையின் நீளத்தைக் கணக்குப் போட்டேன்.

வலது பக்கம் கியர். அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடு என்றார் முதலாளி. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் இருந்தால் பள்ளத்தில் இடுப்பு முறுக்கும் என்றேன் நான். கடைசியில் வலது ஃபுட்ரெஸ்டை நான்கு அங்குலம் மட்டும் முன்னால் தள்ளி, கியருக்குச் சின்ன ராடு போட்டேன். நீள ராடு போட்டால் இரண்டு முனையிலும் ஆட்டம் வரும், கியர் பாதியில் நிற்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் பாதத்தில் படுகிறதா என்று பார்த்தேன். பிரேக் ராடு நீளமாகிவிட்டதால் நடுவில் ஒரு தாங்கி வைத்தேன். இல்லாவிட்டால் அமுக்கும்போது வளையும், அமுக்கின பலம் சக்கரத்துக்குப் போகாது. மொத்தம் பதினேழு அளவு. ஒவ்வொன்றும் மூன்று தரம். நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை வண்டி தயார். கொட்டகைக்குப் பின்னாலிருந்த மண் பாதையில் அவர் ஐந்து சுற்று ஓட்டினார். டிராக்டர் ஓட்டிய கை, சீக்கிரம் பழகிவிட்டது. ஐந்தாவது சுற்றில் நான் வைத்த கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக் காட்டினார். வாஷர் கிறிச், கிறிச் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மத்தவங்கள்லாம் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸ புடிச்சிடுவாங்க" என்றார் உத்திராபதி. "மூணு ஊர்ல சாட்சிக்கு ஆள் சொல்லிட்டு, காகிதத்த எடுத்துக்கிட்டு பத்து மணிக்குள்ள நான் தாலுக்கா ஆபீசு போயிடணும். இனிமே போயிடுவேன்."

மறுநாள் அவர் போய்ச் சேரவில்லை.

காலையில் முப்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். ஆற்றுப்பாலத்திலிருந்து வாய்க்கால் கரைக்கு இறங்குகிற சரிவில் எதிரே வைக்கோல் வண்டி. பெடலை அமுக்கினார். பிரேக் இல்லை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததும் சரளையில் சக்கரம் வழுக்கி, வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ரசீதுப் பை தண்ணீரில். தாலுக்கா அலுவலகத்தில் வருடம் முழுக்கப் பதினொரு மணிக்குத்தான் நாற்காலி நகரும். அன்றைக்குப் பார்த்துப் பத்து மணிக்கே கூப்பிட்டார்கள். முதல் மூன்று பேர் காகிதம் இல்லாமல் நின்றார்கள். மூன்றும் தள்ளுபடி. நான்காவதைக் கூப்பிடுவதற்குள் சேதி வந்துவிட்டது, வக்கீல் எழுந்து மற்ற எட்டுக்கும் வாய்தா கேட்டு வாங்கினார்.

வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பின்சக்கர டிரம் சூட்டில் நீலமாகியிருந்தது. ஹப்பிலிருந்த கிரீஸ் உருகி, பிரேக் லைனிங் முழுக்கப் படிந்து, பிடிப்பே இல்லாமல் ஆக்கியிருந்தது. அதாவது வழியெல்லாம் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. எப்படி? சக்கரத்தைச் சுற்றினேன், தாராளமாகச் சுற்றியது. பெடலில் நான் விட்ட அசைவு அப்படியே இருந்தது. பதினேழு அளவையும் திரும்ப எடுத்தேன். பதினேழும் சரி. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், சரி. இரண்டு நாள். முதலாளி பின்னால் வந்து நின்றார். வாஷர் சத்தமே இல்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது அதற்கு அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அவர் ஏதோ தப்பாக மிதித்திருக்க வேண்டும், அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று போனேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கையைத் துணித் தொட்டிலில் கட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி செல்லம்மா கட்டிலடியில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு, இடது கால். லாரி டயரை அறுத்துத் தைத்தது. அந்தத் தடிமனைப் பார்த்ததும் குனிந்து அதைக் கையில் தூக்கினேன். சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.

"என்னங்க அது, ஊசியா?" என்றார் செல்லம்மா.

"இல்லம்மா. அளக்குறது."

"செருப்பையா? அதுக்குச் சோடி வாய்க்காலோட போயிடுச்சு. ஒத்தச் செருப்ப தூக்கிப் போட மாட்டேங்குது இந்த மனுசன். அளந்து பாத்து இன்னொன்ன கண்டுபுடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

குதிகால் பக்கம் இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

முட்டி மடங்குகிறவனுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. முட்டி அதை வாங்கிக்கொள்ளும். இவருக்கு முட்டி இல்லை. செருப்புப் போட்டால் கால் இருபத்திரண்டு மில்லிமீட்டர் நீளம். பின்னால் நகர இடமில்லாததால் அந்த நீளம் பெடலில்தான் போய் உட்காரும். வண்டி ஓடுகிற நேரம் முழுக்க, அவர் அறியாமல், பாதிப் பிரேக்.

"எப்பவும் இதப் போட்டுத்தான் ஓட்டுவீங்களா?" என்றேன். அவரை 'நீங்க' என்றது அப்போதுதான்.

"பின்ன, எஞ்சின் சூட்டுல வெறுங்காலோடயா? இழுக்குற மாரி இருந்துச்சுங்க. பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"பட்டறையில வெறுங்காலோட ஏறுனீங்களே."

"ஏறுனேன்."

"செருப்பு போட்டு ஓட்டுவேன்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே." என்றார். "கேட்டிருந்தாலும் போட்டுக்கிட்டு உள்ள வந்திருப்பனான்னு தெரியாது. சண்டைன்னு போற எடத்துல நான் செருப்ப கழட்டுறதில்லீங்க. தாலுக்கா ஆபீசுல செருப்போட பெஞ்சில உக்காந்திருக்கேன். உங்ககிட்ட வேல ஆவணும்னு வந்தேன். அங்கயும் சண்டையப் புடிச்சா வண்டி எப்பங்க என் கைக்கு வரும்?"

வெர்னியரை மூடிப் பையில் வைத்தேன். செல்லம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பதினேழு அளவு எடுத்தாரு, பதினேழு அளவு எடுத்தாருன்னு ஊரு முச்சூடும் சொல்லிக்கிட்டு வந்துச்சு. காலுக்கு அடியில இருந்த ஒன்னத்தான் அளக்காம வுட்டாராக்கும்."

பட்டறையில் வேலை நடந்த மூன்று நாளும் நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். வாசல் ஓரத்தில், சோடியாக, சுவரை ஒட்டிக் கிடந்தது. மோட்டார் பட்டறையில் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். தரையெல்லாம் இரும்புத் தூள். மிராசுதார்கள் செருப்போடு வருவார்கள், அவர்களுடைய வேலைக்காரர்களும் வருவார்கள், டீக்காரர் வருவார். உத்திராபதி உள்ளங்காலில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு தரமும் வண்டியில் ஏறினார். தட்டியதையும் பார்த்தேன். நான் எதையும் எண்ணுகிறவன். டீக்கடைக்கு எத்தனை அடி என்று இன்றைக்கும் சொல்லுவேன். அந்தச் செருப்பு மட்டும் என் எண்ணிக்கையில் வரவில்லை. அது அங்கேதான் கிடக்க வேண்டும் என்று என் கண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

பட்டறைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். வாஷர்களை மேசை மேல் வைத்தார்.

"நானும்தான் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான்.  அந்த மனிதர் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஒரு முறை சத்தம் போட்டிருக்கலாம். என்னைப் பார்த்தோ, தன்னைப் பார்த்தோ.

எட்டு வாரம் கழித்துத் தோள் கூடியதும் உத்திராபதி வந்தார். புதிதாக அறுத்துத் தைத்த டயர் செருப்பு. வாசலில் வந்ததும் கால் தானாகக் கழற்றப் போனது.

"கழட்டாதீங்க. அப்படியே வாங்க" என்றேன். "இங்க, முன்னாலயே ஏறுங்க."

வண்டியை முன்தளத்தில் நிறுத்தியிருந்தேன். முதலாளியைக் கேட்கவில்லை. செருப்போடு ஏறி உட்கார்ந்தார். புது அளவெடுத்து, ஃபுட்ரெஸ்டையும் பெடலையும் இருபத்திரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளினேன். செருப்பு தேயத் தேய நகர்த்திக்கொள்ள வசதியாக, தாங்கும் தகட்டில் ஒன்றுக்கு மூன்றாகத் துளை போட்டேன். ஆள் ஏறி உட்கார்ந்திருக்கும்போதே பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அளந்துகொண்டிருக்கும்போது ஒரு மிராசுதார் தன் புல்லட்டை எடுக்க வந்தார். ஊர் பேர் வேண்டாம்.

"என்ன ஜெகநாதன்," என்றார், "காலம் ரொம்பத்தான் முன்னேறிடுச்சு போலருக்கு. செருப்போட ஏத்தி நடுவுல உக்கார வச்சிருக்கீங்க."

வாஷர் நின்றது. உத்திராபதியின் கால் பெடலிலிருந்து லேசாக எழும்பியது. நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"பட்டறைங்க" என்றார் முதலாளி, எப்போதும்போல மெதுவாக. "கீழ பூரா இரும்புத் தூளு. நீங்களும் கழட்டிடாதீங்க, குத்திடும்."

மிராசுதார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதத்தில் அவரோடு சேர்த்து மூன்று பேர் எங்கள் பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள். அதற்காக முதலாளியைப் புகழ்ந்து எழுதச் சொல்வீர்கள். மாட்டேன். இரும்புத் தூள் முதல் மூன்று நாளும் அங்கேதான் கிடந்தது.

அடுத்த வாய்தாவுக்கு உத்திராபதி வண்டியிலேயே போனார். சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நின்றார். எஞ்சினை அணைக்கவில்லை.

"எட்டும் பதிஞ்சாச்சுங்க" என்றார்.

"மத்த மூணு?"

"அது போச்சுங்களே, மொத நாளே. மேல மனுப் போடலாம்னு வக்கீல் சொல்றாரு. பாப்போம். பிரேக்கு நல்லாருக்கு."

மேல் மனுப் போட்டார்கள். அது வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அதற்குள் நிலத்தில் வேறு ஆளை இறக்கிவிட்டார்கள். உழுகிறவன் நான்தான் என்று சொல்வதற்கு ஒருவன் உழுதுகொண்டிருக்க வேண்டும். மூன்று பெயரும் என் நோட்டில், பதினேழு அளவுக்கு அடியில் நான் போட்ட கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. சாமிக்கண்ணு, நாலு மா. அம்மாசி, மூன்று மா. காளியம்மாள், ஐந்து மா. கூட்டினால் பன்னிரண்டு மா. நாலு ஏக்கர்.

உத்திராபதி அந்த வண்டியை ஒன்பது வருடம் ஓட்டினார். எங்கள் பட்டறைக்கு இருபத்தாறு தரம் வந்தார். ஒரு தரமும் செருப்பைக் கழற்றவில்லை. ஆனால் வாசலுக்கு வந்ததும் ஒரு நொடி நிற்பார். பிறகுதான் உள்ளே கால் வைப்பார். இருபத்தாறு தரமும் நின்றார்.

அந்த மூன்று குடும்பத்தில் யாரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிரேக் சரியில்லாமல் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். உத்திராபதி யாரிடமும் சொல்லவில்லை. செல்லம்மா சொல்லியிருக்கலாம், அவரும் சொல்லவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இது.

குத்தாலத்துப் பையனின் பூட்ஸை வாசலிலேயே உட்கார்ந்து அளந்தேன். முப்பத்து நாலு மில்லிமீட்டர். அவருக்கு முட்டி மடங்கும், தப்பித்துக்கொள்வார் என்கிறான் செந்தில். இருக்கட்டும். நாளைக்கு மடங்காதவர் ஒருவர் வருவார். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வேலை ஆக வேண்டுமே என்று, சொன்னபடி கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார்.

பலகையைக் கழற்று, செந்தில். டைல்ஸைத் துடைத்துக்கொள்ளலாம்.